பாலைவனத்தில் வியர்வை தெரியாது: புனித நாடு டூர் கிளம்புகிறவர்களுக்கு

புனித நாடு டூருக்குப் பணம் கட்டியவர்களுக்கும், அம்மா அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்த பிள்ளைகளுக்கும் இந்த இழை. கொஞ்சம் நீளம்தான். பாதியில் விட்டுவிடாதீர்கள், மாத்திரை விஷயம் நடுவில் வருகிறது.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அறுபது, எழுபது வயதில் சுகரும் பி.பி.யும் முட்டிவலியும் இருக்கிறவர்கள் எகிப்து, ஜோர்டான், இஸ்ரேல் போகக்கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். தாராளமாகப் போங்கள். வயது பிரச்சினை இல்லை. "பத்து நாளில் மூன்று நாடு" என்று அச்சடித்துக் கொடுக்கிறார்களே ஒரு நோட்டீஸ், பிரச்சினை அதில்தான் இருக்கிறது. அந்தத் திட்டம் முப்பது வயது உடம்புக்குப் போட்டது. அதில் போய் வருவதோ அறுபத்தைந்து வயது உடம்பு.

என் கிளினிக் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெரு. சம்பா கோயில், கப்ஸ் கோயில், இருதய ஆண்டவர் கோயில் என்று எல்லாப் பங்குகளிலிருந்தும், சபைகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பிரான்சில் இருக்கும் மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஆயா வருவார். மார்க்கெட்டில் பூ வியாபாரம் பண்ணி, சீட்டுக் கட்டி, ஆறேழு வருஷம் சேர்த்த பணத்தில் போகிற அம்மாவும் வருவார். கையில் ஒரு தாள். "டாக்டர், நாளைக்கு ஃபிளைட். டூர்காரங்க ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேக்குறாங்க. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு என்று நினைக்கிறீர்கள்? நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பார்த்த பி.பி., படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. ராத்திரி ரெண்டு மணிக்குக் குளிரில் மலை ஏறும்போது அந்த இதயம் என்ன செய்யும் என்று அது சொல்லாது. அது டூர் நடத்துகிறவருக்குப் பாதுகாப்பு. உங்களுக்கு இல்லை. டாக்டரிடம் "போகலாமா?" என்று கேட்காதீர்கள். நோட்டீஸை மேசையில் விரித்து வைத்து, "இதில் எதை விடணும்?" என்று கேளுங்கள். அதுவும் முந்தின நாள் அல்ல, ஒரு மாதம் முன்னால்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன்.

"நாங்க பார்க்காத வெயிலா டாக்டர்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரிய மார்க்கெட் மீன் பகுதியில் நின்றவர்களுக்கு வெயில் புதுசு இல்லை. ஆனால் நம் ஊர் வெயில் ஈர வெயில். கடல் பக்கத்தில் இருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் வழியும், சட்டை முதுகில் ஒட்டும். "அப்பாடா, என்னா புழுக்கம்" என்று நீங்களே போய்த் தண்ணீர் குடிப்பீர்கள். நனைந்த சட்டைதான் நமக்கு எச்சரிக்கை மணி.

பாலைவனத்தில் அந்த மணி அடிக்காது. காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை தோலுக்கு வந்த உடனே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். "இங்க வேர்க்கவே இல்லையே, நம்ம ஊரைவிட நல்லா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே நடப்பீர்கள். உள்ளே லிட்டர் கணக்கில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். வயதாக ஆக தாக உணர்வும் மங்கிவிடும். ஆக வியர்வையும் சொல்லாது, தாகமும் சொல்லாது. சிறுநீர்தான் சொல்லும். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் உடம்பு ஏற்கனவே கஷ்டப்படுகிறது.

இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் நம்புவதே இல்லை என்பதால் ஒரு பழைய சம்பவம். ஜேம்ஸ் பைக் என்று கலிபோர்னியாவில் பிஷப்பாக இருந்தவர். 1969 செப்டம்பரில் மனைவி டயானோடு யூதேயா பாலைவனத்துக்கு வாடகைக் காரில் கிளம்பினார். வழிகாட்டி இல்லை. கையில் ஒரு வரைபடம், ரெண்டு பாட்டில் கோக். கார் மாட்டிக்கொண்டது. மனைவி சுமார் பத்து மணி நேரம் நடந்து ஆட்கள் இருக்கிற இடத்துக்கு வந்து பிழைத்தார். அவரைப் பல நாள் தேடி, ஒரு பள்ளத்தாக்கில் உடலாகத்தான் கண்டெடுத்தார்கள். வயது 56. வேதத்தை நன்றாகப் படித்தவர், அந்த நாட்டுக்கு ஏற்கனவே வந்து போனவர். பாலைவனத்துக்கு அது எதுவும் தெரியாது.

நீங்கள் குளிர்சாதன பஸ்ஸில் போகிறீர்கள், காணாமல் போக மாட்டீர்கள். சரி. ஆனால் 2024 ஜூனில் ஹஜ்ஜின்போது நடந்தது நினைவிருக்கும். மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி வரை போனது. இறந்தவர்கள் 1,301 பேர் என்று சவுதி அரசே அறிவித்தது. அதில் 83 சதவீதம் பேர் முறையாகப் பதிவு செய்யாமல் வந்தவர்கள். அதாவது கூடாரம், பஸ், நிழல் இவை இல்லாமல் நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். பதிவு செய்து வந்தவர்களும் அதே வெயிலில்தான் இருந்தார்கள். கூட்டத்தைக் காப்பாற்றுவது பக்தியோ உடல்பலமோ அல்ல, ஏற்பாடுதான் என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

சரி, இனிமேல் பெண்கள் கவனமாகப் படிக்கணும்.

நம் பெண்கள் வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். மார்க்கெட்டில் வியாபாரம் பண்ணும் அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலை கடை போட்டால் மதியம் வரை எழுந்திருக்க முடியாது. கூடையை யார் பார்ப்பது? போனாலும் எங்கே போவது? அதனால் காலையில் ஒரு டீயோடு சரி. இருபது, முப்பது வருஷமாக உடம்பைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, கல், எரிச்சல் என்று என்னிடம் வருபவர்களில் இவர்கள் நிறைய. "தண்ணி குடிங்கம்மா" என்று நான் சொல்வதும், "சரி டாக்டர்" என்று அவர்கள் சொல்வதும் ஒரு சடங்கு மாதிரி நடக்கும்.

அதே அம்மா டூர் பஸ்ஸில் ஏறுகிறார். கெய்ரோவிலிருந்து சீனாய் மலை அடிவாரத்துக்கு ஆறேழு மணி நேரம். அடுத்த நிறுத்தம் எங்கே என்று தெரியாது. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கம். நாற்பது பேர் முன்னால், முன் சீட்டில் ஃபாதர் வேறு. அவர் என்ன செய்வார்? வாழ்நாள் முழுக்கச் செய்ததைத்தான் செய்வார். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும், மூடி திறக்காமல். புனித நாடு டூரில் மயங்கி விழுந்த கதைகளை விசாரித்தால் இதுதான் அதிகம் வருகிறது. வெயில் பாதிக் காரணம். மீதிப் பாதி கழிப்பறை.

கூட்டம் கூட்டிப் போகிற ஃபாதர்மார், பாஸ்டர்மார், டூர் நடத்துகிறவர்கள் எல்லோரையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். காலையில் ஜெபம் முடிந்ததும் மைக்கில் அறிவியுங்கள்: "இன்னைக்கு இந்தந்த இடத்துல பஸ் நிக்கும், அங்கெல்லாம் பாத்ரூம் இருக்கு." ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரும் கேட்காமலே நிறுத்துங்கள். அடுத்த நிறுத்தம் எப்போது என்று தெரிந்தால் பெண்கள் தாங்களாகவே தண்ணீர் குடிப்பார்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று கத்துவதைவிட நூறு மடங்கு பலன்.

இப்போது மாத்திரை. இதை நிதானமாகப் படியுங்கள்.

நம் பெரியவர்கள் நிறைய பேரிடம் மூன்று சாமான் இருக்கும். ஒன்று, டெல்மிசார்டான், ராமிப்ரில் வகை பி.பி. மாத்திரை. ரெண்டு, கால் வீக்கத்துக்கோ பி.பி.க்கோ கொடுத்த நீர் மாத்திரை. பல சமயம் அது தனியாக இருக்காது, பி.பி. மாத்திரைக்குள்ளேயே கலந்திருக்கும். அட்டையில் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் என்று பெயர் இருக்கிறதா பாருங்கள். இந்த ரெண்டும் ஊரில் டாக்டர் சொல்லிச் சாப்பிடுவது, நல்ல மாத்திரைகள்தான். மூன்றாவதுதான் வில்லன். டூரில் நடந்து நடந்து முட்டி வலிக்கும். பக்கத்து சீட் அக்கா கைப்பையிலிருந்து ஒரு டைக்ளோஃபெனாக் எடுத்துக் கொடுப்பார். "இது போட்டா ஜம்முனு இருக்கும்." தண்ணீர் வற்றிய உடம்பில் இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் மூன்று பக்கமும் அடைபடும். ரெண்டு மூன்று நாளில் கிரியேட்டினின் எகிறிவிடும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது, "டூர் அலுப்பு" என்று நினைத்துக்கொள்வார்.

முட்டிவலிக்குப் பாராசிட்டமால் போடலாம், வெளியே தடவும் மருந்து போடலாம். வலி மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள்.

சுகர் மாத்திரையின் பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடிந்தால் (டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்) அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். கூடவே தண்ணீரும் போகும். சிறுநீரின் நிறம் பார்க்கும் கணக்கும் இவர்களுக்குச் சரியாக வராது. டூரில் வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாத நாளில் இந்த மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் நீர் மாத்திரையையும் நிறுத்திவைக்க வேண்டி வரலாம். உங்கள் விஷயத்தில் எதை, எப்போது, எத்தனை நாள் என்று கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இந்த இழையைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தெளிவாகச் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள்.

இன்சுலின் கைப்பையில். செக்-இன் பெட்டியில் வேண்டாம், வெயிலில் நிற்கும் பஸ்ஸிலும் வேண்டாம். சுகர் பார்க்கும் மெஷினும் ஸ்ட்ரிப்பும் சூட்டில் இருந்தால் தப்பாகக் காட்டும். அங்கே கடிகாரம் நமக்கு ரெண்டரை, மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். போகிற நாள் அவ்வளவு நீளும், அதற்கு மாத்திரை நேரம் எப்படி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீனாய் மலைக்குத் தனியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறேன். மோசே பத்துக் கட்டளை வாங்கிய மலை என்று கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக வணங்கும் இடம். உயரம் 2,285 மீட்டர். அடிவாரத்தில் ஆறாம் நூற்றாண்டில் கட்டிய புனித கேத்தரின் மடம். அங்கிருந்து ஏற வேண்டியது சுமார் 700 மீட்டர். செஞ்சி ராஜகிரிக் கோட்டை ஏறியிருக்கிறீர்களா? அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சூரிய உதயம் பார்க்கணும் என்று ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்குக் கிளப்புவார்கள். ஒட்டகத்தில் பாதித் தூரத்துக்கு மேல் போகலாம். ஆனால் கடைசி 750 படிகளைக் காலால்தான் ஏறணும். பகலில் வறுக்கிற இடம்தான், குளிர்காலத்தில் ராத்திரி உறைநிலைக்குப் போகும்.

முந்தின நாள் முழுக்க பஸ்ஸில் வந்த உடம்பு, மூன்று மணி நேரத் தூக்கம். இரவு எட்டு மணிக்கு கிளிமிபிரைடு போட்டு ஏதோ கொஞ்சம் சாப்பிட்டிருப்பார், அந்த ஊர் ரொட்டி பிடித்திருக்காது. அதிகாலை மூன்று மணிக்குப் படி ஏறும்போது சுகர் இறங்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். குளிருக்கு நடுங்குகிறது என்று கூட இருப்பவர்கள் நினைப்பார்கள். பேச்சு குழறினால் "தூக்கக் கலக்கம்" என்பார்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயம் இது. குளுக்கோஸ் கீழே பஸ்ஸில் இருக்கும்.

எகேரியா என்று ஒரு பெண்மணி, நான்காம் நூற்றாண்டில் இந்த மலை ஏறியவர். தன் பயணத்தைத் தானே எழுதிவைத்தவர். சனிக்கிழமை மாலையே அடிவாரத்துக்கு வந்து, துறவிகளோடு தங்கி ஓய்வெடுத்து, ஞாயிறு விடிந்தபின் அவர்களோடு நடந்தே ஏறினார். பத்து மணி வாக்கில் உச்சி. கிழக்கு நாடுகளில் அவர் சுற்றியது சுமார் மூன்று வருஷம். அவர் மூன்று வருஷம் எடுத்துக்கொண்ட இடங்களில் பெரும்பாலானவற்றை நாம் பத்து நாளில் முடித்து, கெய்ரோவில் ஷாப்பிங்கும் செய்துவிடுகிறோம்.

எனக்குப் புரியாதது இதுதான். ஆயுசுக்கு ஒருமுறை போகிற பயணம். பெத்லகேம் ஆலயத்தில் நிற்பது இருபது நிமிஷம், கல்லறைக் கோயிலில் வரிசை, உள்ளே ஒரு நிமிஷம். அப்புறம் ஓடு ஓடு. இடத்தின் எண்ணிக்கையைக் காட்டித்தான் டூர் விற்பனையாகிறது. "அவங்க 32 இடம் காட்டுறாங்க, நீங்க ஏன் 25?" என்று கேட்பது யார்? நாம்தான். அந்தக் கூடுதல் ஏழு இடத்துக்கான விலையை உங்கள் அம்மாவின் சிறுநீரகம் கொடுக்கிறது.

தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய ஜெருசலேம் புனிதப் பயண உதவி இருக்கிறது. தலைக்கு 20,000 ரூபாயில் ஆரம்பித்து 37,000 ஆனது, கன்னியாஸ்திரிகளுக்கு 60,000. நல்ல திட்டம், பலர் அதனால்தான் போக முடிகிறது. அதுவும் பத்து நாள் வரைக்குமான பயணத்துக்கு. பணம் கொடுக்கும்போதே, கிளம்பும் முன் ஒரு நாள் மருத்துவ ஆலோசனைக் கூட்டம் கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். மறைமாவட்டங்களும் சபைகளும் யாரையும் எதிர்பார்க்காமல் அவரவர் ஆலய வளாகத்திலேயே இதை நடத்தலாம். கூப்பிட்டால் வர டாக்டர்கள் இருக்கிறோம்.

ஏறாமல் இருப்பது பாவமா? இல்லை. மோசேயே வாக்குத்தத்த நாட்டுக்குள் போகவில்லை, நேபோ மலையிலிருந்து பார்த்ததோடு சரி. (அந்த நேபோ மலை ஜோர்டானில் இருக்கிறது. பஸ் கிட்டத்தட்ட மேலே வரை போகும். தாராளமாகப் போங்கள்.) மசாடாவுக்கு கேபிள் கார் இருக்கிறது, பாம்புப் பாதையில் நடக்காதீர்கள். பெத்ராவில் நுழைவுக் கணவாய் மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு மேல். போனால் திரும்பியும் நடக்கணும் என்பதைக் கணக்கில் வையுங்கள். அதற்கப்புறம் மடம் என்று சொல்லப்படும் இடத்துக்கு 800 படி. முட்டி தேய்ந்தவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

சவக்கடல். மிதக்கலாம் என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். சாதாரணக் கடலைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு. குப்புறப் புரண்டுவிட்டால் வயதானவர்களால் திரும்பி எழ முடியாது. நாலு மடக்கு உள்ளே போனாலே மெக்னீசியமும் கால்சியமும் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் கெடுக்கும், நுரையீரலும் புண்ணாகும். விழுங்கிவிட்டால் வீட்டுக்கு வந்து பார்த்துக்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனை. முழங்கால் ஆழத்தில், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, மல்லாந்து மட்டும்.

காலைப் பற்றி ஒரு வார்த்தை. நேர்த்திக்கடன் என்று வெறுங்காலோடு நடக்கும் சர்க்கரை நோயாளிகளே, சுடுகல்லில் கொப்புளம் வருவது உங்களுக்குத் தெரியாது. நேரு வீதியில் வாங்கிய புது ஷூவை டூரின் முதல் நாள் போடாதீர்கள். மூன்று வாரம் முன்னாலேயே போட்டுக் கடற்கரைச் சாலையில் நடந்து பழகுங்கள். தினமும் ராத்திரி பாதத்தை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்தாவது எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. டம்ளரில் முழுப் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கினால் அது மருந்தில்லை. இதய வீக்கம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் என்று டாக்டரிடம் தனியாகக் கேட்கணும், அவர்களுக்குப் பொதுக் கணக்கு பொருந்தாது.

யாராவது வெயிலில் உளற ஆரம்பித்தால், வழி தவறிய மாதிரி நடந்தால், வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வெப்ப மயக்கம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜெபம் அப்புறம். முதலில் நிழல், மேல்துணியைத் தளர்த்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் சுகரும் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

2023 அக்டோபரில் போர் தொடங்கியபிறகு இந்த டூர்கள் நிற்பதும் தொடங்குவதுமாக இருக்கின்றன. வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஏற்கனவே உள்ள சுகர், பி.பி.க்கும் சேர்த்து இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாலிசியை வாங்கிப் படியுங்கள். ஒரு அட்டையில் பெயர், நோய், மாத்திரை, அளவு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி, பாஸ்போர்ட்டோடு கழுத்தில் தொங்கும் பையில் வையுங்கள்.

கடைசியாக யோர்தான் தண்ணீர். ஞானஸ்நான இடத்தில் பாட்டிலில் பிடித்துவந்து, ஊரில் எல்லோருக்கும் பங்கு வைப்பார்கள். அந்த நதியின் கீழ்ப்பகுதியில் ஓடுவதில் உப்புநீரும் கழிவுநீரும் கலந்திருக்கிறது. வீட்டில் தெளியுங்கள், பீடத்தில் வையுங்கள். பேரப்பிள்ளை வாயில் மட்டும் ஊற்றாதீர்கள்.